நான் வாங்கிக் கொடுத்த கிரேட்டஸ்ட் ஹிட்ஸ்

என் கணவருக்குப் பேச வரும் என்பதே கல்யாணமாகிச் சில வாரங்கள் கழித்துத்தான் எனக்குத் தெரிந்தது. அதுவும் அவர் பேசியது என்னிடம் அல்ல, அவருடைய அக்காவிடம்.

அதுவரை நான் அறிந்த மனிதர் "சரி" என்பார், "பாக்கலாம்" என்பார், ரொம்பச் சந்தோஷமாக இருந்தால் "ஹவ்" என்பார். ஹவ் என்றால் செகந்திராபாத்தில் ஆமாம். நான் தூத்துக்குடிக்காரி. எங்கள் வீட்டில் குழம்பில் உப்பு குறைந்தால்கூட அதைப் பற்றி அரைமணி நேரம் பேசுவோம். "மாப்பிள்ளை அமைதியான டைப்" என்று தரகர் சொன்னதை அம்மா தெருவெல்லாம் பெருமையாகச் சொல்லிக்கொண்டு திரிந்தாள். அமைதி என்றால் சத்தம் போடாதவர் என்று நான் நினைத்தேன். வாயே திறக்காதவர் என்று யாரும் சொல்லவில்லை.

அன்று ஞாயிற்றுக்கிழமை. செகந்திராபாத்தை ஒட்டிய போலாரத்தில் அவர்கள் தாத்தா காலத்து ஓட்டு வீடு. மதியச் சாப்பாடு முடிந்து நான் அடுப்படியில் பாத்திரங்களை ஒழித்துக்கொண்டிருந்தேன். முன்னறையில் ஓர் ஆண்குரல் கத்தியது, சிரித்தது, மேஜையைத் தட்டியது. யாரோ விருந்தாளி வந்திருக்கிறார் என்று நினைத்து, புடவையைச் சரிசெய்துகொண்டு, காபிக்குப் பாலை அடுப்பில் வைத்துவிட்டு எட்டிப் பார்த்தேன். விருந்தாளி யாருமில்லை. என் கணவர்தான். சாப்பிட்ட கை காய்ந்துபோயிருந்தது. எதிரே அவர் அக்கா காலை மடித்து நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். நடுவில் பழைய ரெக்கார்டு பிளேயரில், எழுபதுகளில் கிடாரை அலறவிட்ட ஒரு வெள்ளைக்கார ராக் கும்பலின் பாட்டு ஓடிக்கொண்டிருந்தது.

"டிரம்ஸ் இருக்குதுல்ல, டிரம்ஸ்! அத கேளு முதல்ல!" என்றார் அவர்.

"கேட்டேன்டா. டின்ன தட்றா மாதிரி இருக்குது," என்றாள் அக்கா.

அவ்வளவுதான், மனிதர் பொங்கிவிட்டார். அந்த டிரம்ஸைப் பற்றி, அதை அடித்தவனைப் பற்றி, அந்தப் பாட்டுக்கு முன்பும் பின்பும் அவன் அடித்ததைப் பற்றி என்று நிறுத்தாமல் பேசினார். நான் கதவோரம் நின்றேன். பால் பொங்கி அடுப்பில் வழிந்தது. என் வயிறு அன்றைக்கு எரியத் தொடங்கியது.

எங்கள் பக்கத்தில் கணவரின் அக்காவை மதினி என்போம். மதினி கல்யாணம் செய்துகொள்ளவில்லை. ராணுவக் குடியிருப்புப் பள்ளி ஒன்றில் சரித்திரம் சொல்லிக்கொடுத்தாள். கிராப் வெட்டிய தலை, சல்வார், ஸ்கூட்டர். முன்னோர்கள் வேலூர்ப் பக்கம் என்பதால் அந்தத் தமிழ்தான், ஊடே வேண்டாம் என்பதற்கு நக்கோ, ஏன் என்பதற்குக் கைக்கு என்று உருது தெறிக்கும். நேரில் அவளை வாங்க போங்க என்பேன். மனதுக்குள் அவள்தான். இங்கேயும் அப்படியே எழுதுகிறேன்.

மாமியார் மேல் பொறாமை என்றால் உலகமே என் பக்கம் நின்றிருக்கும். என் விதி, மாமியார் இல்லை. சின்ன வயதில் தாயை இழந்த தம்பியைத் தானே வளர்த்த அக்கா. அவள் மேல் பொறாமை என்று வாய் திறந்தால் ஊரே காறித் துப்பும். அவளும் குறை சொல்ல இடம் வைக்கவில்லை. தினமும் காலையில் என்னை ஸ்கூட்டரில் ஏற்றி, செகந்திராபாத்தில் ஆபீஸ் பஸ் வரும் இடத்தில் இறக்கிவிட்டுத்தான் பள்ளிக்குப் போவாள். மாதாபூரில் ஒரு சாஃப்ட்வேர் கம்பெனியில் நான் டெஸ்டர். அடுத்தவர் எழுதிய புரோகிராமில் ஓட்டை கண்டுபிடிப்பது என் பிழைப்பு. மதினியிடம் ஓட்டையே கிடைக்கவில்லை என்பதுதான் எனக்கு இன்னும் எரிச்சல்.

அம்மா தொலைபேசியில் கேட்பாள்.

"மாப்பிள்ள ஒங்கிட்ட நல்லாப் பேசுதாரா, ஏட்டி?"

"பேசுதாரும்மா."

"என்ன பேசுதாரு?"

"ஹலோ, ஹலோ, சிக்னல் இல்லம்மா," என்று வைத்துவிடுவேன்.

எனக்கு வேண்டியது நகையோ நட்டோ இல்லை. அந்த ஞாயிற்றுக்கிழமைக் குரல் என் பக்கம் திரும்பி ஒரு நாள் பேச வேண்டும். அவ்வளவுதான். அதற்கு வழி அந்தப் பாட்டுக் கும்பல்தான் என்று முடிவு கட்டினேன்.

அவர் பிறந்தநாள் வந்தது. செகந்திராபாத்தில் ஒரு சிடி கடைக்குப் போய்க் கும்பலின் பெயரைச் சொன்னேன். கடைக்காரர் ஆல்பம் ஆல்பமாக எடுத்துப் போட்டார். எனக்குத் தலை சுற்றியது. "இதுல முக்கியமானது எது?" என்று கேட்டேன். அவர் பளபளவென்று ஒரு பெட்டியை நீட்டினார். கிரேட்டஸ்ட் ஹிட்ஸ், இரண்டு டிஸ்க். எனக்கு உயிர் வந்தது. பாடப்புத்தகத்தை மூடிவைத்துவிட்டு முக்கியமான கேள்விகள் உள்ள கைடைப் படித்தே என்ஜினியரிங் வரை வந்தவள் நான். மொத்தக் கும்பலுக்கும் ஒரு கைடு இருக்கிறது என்றால் வேறென்ன வேண்டும்?

பாயசத்தோடு பெட்டியைக் கொடுத்தேன். அவர் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பின்னட்டையைப் படித்தார். முகம் மாறியது. இப்போது பேசுவார், இதோ பேசப்போகிறார் என்று கரண்டியும் கையுமாக நின்றேன்.

"தேங்க்ஸ்," என்றார். பெட்டியை எடுத்துக்கொண்டு எழுந்தார். "அக்கா! இத பாரேன்!"

வராந்தாவில் விடைத்தாள் திருத்திக்கொண்டிருந்த மதினி கண்ணாடியைத் தூக்கிவிட்டுக்கொண்டு பாட்டு வரிசையைப் படித்தாள்.

"இன்னாடா இது, நல்ல பாட்டு எல்லாம் வுட்டுட்டானுங்க! கைக்கு இத மொதல்ல வச்சானுங்க? இது ஐடிக்காரங்க கார்ல போட்டுனு போற சிடிடா."

"வுட்டதுதான் சரி! அதெல்லாம் ஒரு பாட்டா?" என்றார் அவர். எது இருந்திருக்க வேண்டும், எது இருந்திருக்கக் கூடாது என்று இருவரும் கிளம்பிவிட்டார்கள். பாயசம் ஆடை கட்டியது. பரிசு வாங்கியது நான், பிரித்தது அவர், அனுபவித்தது அவள். நடுவில் என் முகத்தைப் பார்த்துவிட்டு மதினி, "நல்ல சிடி மா, சத்தம் சுத்தமா இருக்குது," என்றாள். அந்த ஆறுதலுக்கு அவள் என்னை நாலு அறை அறைந்திருக்கலாம்.

நான் விடுவதாக இல்லை. இரண்டு டிஸ்க்கையும் ஒரு குட்டி பிளேயரில் ஏற்றிக்கொண்டு பஸ்ஸில் கேட்கத் தொடங்கினேன். போகும்போது ஒரு டிஸ்க், வரும்போது ஒரு டிஸ்க். முதல் வாரம் தலைவலி மாத்திரை போட்டுக்கொண்டேன். பஞ்சாகுட்டா டிராஃபிக்கில் பஸ் நிற்கும்போது காதுக்குள் ஒருவன் தொண்டை கிழியக் கத்துவான். எனக்கு ஓடிப்போய்விடலாம் போல இருக்கும். ஆனாலும் படித்தேன். எந்தப் பாட்டுக்குப் பின் எந்தப் பாட்டு, எங்கே கிடார் தனியாக வருகிறது, எல்லாம் அத்துப்படி. கூடவே, ஞாயிற்றுக்கிழமைகளில் அடுப்படியிலிருந்து ஒட்டுக்கேட்டு அவர் கட்சி என்ன என்பதையும் படித்தேன். கீபோர்டு அவருக்கு ஆகாது. முதல் டிஸ்க்தான் உயிர்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை சபையில் போய் உட்கார்ந்தேன். தொண்டையைக் கனைத்துக்கொண்டேன். "எனக்கும் மொத டிஸ்க்தாங்க பிடிச்சிருக்கு. ரெண்டாவதுல கீபோர்டு வந்து கெடுத்துட்டு," என்றேன்.

அவர் என்னைப் பார்த்தார். கண்ணில் மகிழ்ச்சி தெரிந்தது, பொய் சொல்லக்கூடாது.

"ஹவ்," என்றார். பேப்பரைப் பிரித்துக்கொண்டார்.

"அந்த கிடார் கடைசியில வரும்லா, அது அருமைங்க."

"ஹவ்."

மதினி கண்ணாடிக்கு மேலாக என்னை ஒரு மாதிரிப் பார்த்தாள். கேலி என்றுதான் நினைத்தேன். அன்று அடுப்படியில் பாத்திரங்களை நான் கழுவிய சத்தம் பக்கத்துப் பட்டாளத்துக்கே கேட்டிருக்கும்.

அதன்பின் வேறு யோசனை வந்தது. இந்த வீட்டில், இவள் இருக்கும்வரை, எனக்கென்று ஒரு வார்த்தை மிஞ்சாது. பேச்செல்லாம் அந்தப் பக்கமே வடிந்துவிடுகிறது. தனிக்குடித்தனம் போனால் பேச வேறு ஆள் இருக்காது, என்னிடம்தானே பேசியாக வேண்டும்? கொண்டாபூரில் புதிதாகக் கட்டிய அபார்ட்மெண்டுகளில் வாடகைக்கு வீடு பார்த்தேன். என் ஆபீசுக்கு அது பக்கம். அவருக்கோ வேலை நாச்சாரத்தில் ஒரு தொழிற்சாலையில், ஊரின் அந்தக் கோடி. கட்டாயம் மறுப்பார் என்று பஸ்ஸில் உட்கார்ந்து வாதங்களையெல்லாம் தயார் செய்து வைத்திருந்தேன். சண்டை வந்தாலும் பரவாயில்லை, சண்டையில் பேசித்தானே ஆக வேண்டும்.

"சரி," என்றார்.

என் வாதமெல்லாம் வீணாய்ப் போயிற்று. மதினி ஒரு சொல் குறுக்கே சொல்லவில்லை. சாமான் கட்ட உதவினாள், குக்கர் கொடுத்தாள். கிளம்பும்போது அந்தச் சிடிப் பெட்டியையும் கொண்டுவந்து என் கையில் வைத்தாள். "இது உன்னுது மா. நீ வாங்குனது." உள்ளுக்குள் எனக்கு ஒரே கொண்டாட்டம். ஆளையும் பிடித்தாயிற்று, பாட்டையும் பிடித்தாயிற்று.

கொண்டாபூரில் நடந்தது என்ன? அவர் பைக்கில் நாச்சாரம் போய்த் தூசியோடு திரும்பி வருவார். நான் சிடியைப் போடுவேன். கண்ணை மூடிக் கேட்பார். "நல்லாருக்குல்லா?" என்பேன். "ஹவ்," என்பார். பாட்டு முடியும். தட்டை வைப்பேன். சாப்பிடுவார். பக்கத்து வீட்டு மிக்சி சத்தம் கேட்கும். ஞாயிற்றுக்கிழமை போலாரம் போவோம். கேட்டைத் திறக்கும்போதே "அக்கா, நீ அன்னிக்கு சொன்னது தப்பு," என்று தொடங்கிவிடுவார். வாரமெல்லாம் என் வீட்டில் சேர்த்து வைத்த பேச்சை மூட்டையாகக் கட்டிக் கொண்டுபோய் அங்கே அவிழ்த்துக் கொட்டினார். நான் சோபாவில் உட்கார்ந்து பழைய வார இதழ்களைப் புரட்டினேன். ஒரு வாரம் ஆபீசில் ரிலீஸ் வேலை என்று பொய் சொல்லிப் போகாமல் இருந்தும் பார்த்தேன். அவர் தனியாகப் போய்விட்டு, முகமெல்லாம் மலர்ந்து திரும்பி வந்தார்.

அப்புறம் மதினிக்குக் காய்ச்சல் வந்தது. மூட்டு மூட்டாகப் பிடித்து எழுந்திருக்க விடாத காய்ச்சல். அவருக்கு அந்த ஞாயிறு தொழிற்சாலையில் பராமரிப்பு வேலை, நகர முடியாது. "நீ போயி அக்காவ பாத்துட்டு வரியா?" என்றார். அந்த வாரத்தில் அவர் என்னிடம் பேசிய மிக நீளமான வாக்கியம் அது. அதிலும் அக்கா இருந்தாள்.

மிளகு ரசம் வைத்து எடுத்துக்கொண்டு போனேன். சிடிப் பெட்டியையும் பையில் போட்டுக்கொண்டேன். எல்லாம் பாசத்தால் அல்ல. அவர் இல்லாமல் அவள் எப்படி இருக்கிறாள் என்று பார்க்கும் ஆசை. மதினி கட்டிலில் சுருண்டு கிடந்தாள். தலைமாட்டில் சின்ன ரேடியோவில் பழைய இந்திப் பாட்டு மெலிதாக ஓடிக்கொண்டிருந்தது. அவள் ரேடியோ கேட்டு நான் பார்த்ததே இல்லை. அதை அணைத்துவிட்டு, உபசாரமாக, சிடியைப் பிளேயரில் போட்டேன்.

"நக்கோ மா," என்றாள் மதினி. "ஆஃப் பண்ணு."

சத்தத்தைக் குறைத்தேன்.

"கம்மி பண்ண சொல்லல. நிறுத்து. அவன் இல்லாத நாள்லகூடவா இத கேக்கணும்?"

எனக்குப் புரியவில்லை. "ஒங்களுக்குப் பிடிக்கும்லா, மதினி?"

"யாரு சொன்னா?"

"ஒவ்வொரு ஞாயித்துக்கெழமையும் அந்தச் சண்ட போடுதீங்களே!"

மதினி சிரித்தாள். சிரித்ததில் மூட்டு வலித்து முகம் சுளித்தாள். ரசத்தை வாங்கி ஒரு வாய் குடித்துவிட்டுச் சுவரில் சாய்ந்துகொண்டாள்.

"அம்மா போனப்ப அவன் அஞ்சாங் கிளாஸ் மா. அழல. பேசவும் இல்ல. இவன் ஊமையான்னு ஸ்கூல்ல கூப்ட்டு கேட்டாங்க. அப்பா எந்தெந்த டாக்டராண்டயோ கூட்டினு போனாரு. எதுத்த பங்களால இருந்த மேஜரு மாத்தலாயி போவும்போது ரெக்கார்டு பிளேயரையும் இந்த ரெக்கார்டுங்களையும் குடுத்துட்டு போனாரு. அதும் முன்னாடியே குந்தினு இருப்பான். எனக்கு அந்தச் சத்தம் ஆவவே ஆவாது. ஒரு நாள் தாங்க முடியாம, 'சீ, இதுக்கு முன்ன வந்ததே தேவல'ன்னு கத்திட்டேன். சட்டுனு திரும்பி, 'இல்ல, இதுதான் நல்ல பாட்டு, உனக்கு ஒண்ணும் தெரியாது'ன்னான். எத்தன மாசம் கழிச்சி! நான் அடுப்பாண்ட போயி நின்னு அழுதேன். மறுநாளும் அதே மாதிரி சொல்லி பாத்தேன். மறுநாளும் சண்டைக்கு வந்தான்."

"அப்போ நீங்க இவ்வளவு நாளாச் சொன்னதெல்லாம்?"

"அவன் எத நல்லாருக்குதுன்றானோ, அத நான் நல்லால்லம்பேன். அவ்ளோதான். ஆனா தெரியாம திட்னா கண்டுபுடிச்சிடுவான். அதுக்காவ எல்லாத்தையும் ஒக்காந்து மனப்பாடம் பண்ணேன், பசங்களுக்கு பானிபட் யுத்தம் சொல்லி குடுக்க படிக்கிறா மாதிரி." கிண்ணத்தைக் கீழே வைத்தாள். "நீ எல்லாத்துக்கும் ஆமா ஆமான்ற. ஆமான்றவங்களாண்ட அவன் இன்னாத்த பேசுவான்? அன்னிக்கே சொல்லலாம்னு பாத்தேன். நீதான் மூஞ்ச தூக்கி வச்சினு இருந்த. அவனுக்கு மட்டும் தெரிய வேணாம் மா."

ரேடியோவை மறுபடி போட்டுக் கொடுத்தேன். அவள் கண்ணை மூடிக்கொண்டு அந்த இந்திப் பாட்டைக் கூடவே முணுமுணுத்தாள். நல்ல குரல். அந்த வீட்டில் அதுவரை நான் கேட்டிராத குரல்.

வழியெல்லாம் பஸ்ஸில் அழுதுகொண்டு வந்தேன். மனம் இளகி, பொறாமை தீர்ந்து, மதினியைத் தலையில் தூக்கி வைத்துக்கொண்டேன் என்று எழுதினால் படிக்க நன்றாக இருக்கும். நடந்தது அதுவல்ல. பொறாமை இரண்டு மடங்காயிற்று. இருவருக்கும் பிடித்த ஒன்று என்று நினைத்துக் கொதித்தபோதாவது, நானும் அதைப் பிடித்ததாக்கிக்கொள்ளலாம் என்று ஒரு வழி இருந்தது. பிடிக்காத ஒன்றை, பிடிக்காது என்று ஒருவருக்கும் காட்டாமல், ஒருவன் பேசுவதற்காக இத்தனை வருஷம் கேட்டவளோடு நான் எங்கே போய்ப் போட்டி போடுவது? சில மாதம் பஸ்ஸில் கேட்டதற்கே மாத்திரை விழுங்கியவள் நான்.

இதை எழுதலாமா என்று பிற்பாடு மதினியிடம் கேட்டேன். "எழுது மா. அவனுக்கு எங்க தமிழ் படிக்க வருது?" என்றாள். உண்மைதான். அந்த ஊரில் வளர்ந்த தமிழர்கள் நிறையப் பேரைப் போல அவருக்கும் தமிழ் பேச்சோடு சரி.

மதினியின் காய்ச்சலுக்கு அடுத்து வந்த ஒரு சனிக்கிழமை காலை. கொண்டாபூர் வீட்டில் நான் தரையில் உட்கார்ந்து பீன்ஸ் நறுக்கிக்கொண்டிருந்தேன். அவர் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். சிடி ஓடியது. அவருக்கு உயிரான, மெதுவாகத் தொடங்கும் அந்தப் பாட்டு வந்தது.

"இந்தப் பாட்டக் கேட்டாலே கொட்டாவிதான் வருது. சளி பிடிச்சவன் மாதிரி இழுத்து இழுத்துப் பாடுதான்," என்றேன்.

பேப்பர் மெல்ல இறங்கியது.

"இன்னா சொன்ன?"

"சளின்னு சொன்னேன்."

"சளியா? அது சளியா? ஏய், இரு, இத கேளு!" எழுந்து போய்ப் பாட்டைப் பின்னால் தள்ளிப் போட்டார். "இங்க மூச்ச எப்டி புடிக்கிறான் பாரு. பாத்தியா?" என் எதிரே தரையில் வந்து உட்கார்ந்துகொண்டார். நான் மறுத்தேன். பஸ்ஸில் படித்ததையெல்லாம் திருப்பிப் போட்டு மறுத்தேன். அவர் கையை வீசினார், பீன்ஸை எடுத்து டிரம்ஸ் அடித்துக் காட்டினார், சிரித்தார். மேஜரின் பங்களாவைப் பற்றிச் சொன்னார். இந்தப் பாட்டை முதல்முதலாகக் கேட்ட மழை நாளைப் பற்றிச் சொன்னார். என்னிடம் சொன்னார். என் முகத்தைப் பார்த்துச் சொன்னார். நான் நறுக்கிய காய் கோணல்மாணலாக விழுந்தது.

"என்ன சொன்னாலும் அவனுக்குச் சளிதான்," என்றேன்.

அவர் தலையில் அடித்துக்கொண்டு சிரித்தார். "போக்கா, உனக்கு காதே கெடையாது!"

அக்கா என்று சொன்னதை அவரே கவனிக்கவில்லை. மேலே பேசிக்கொண்டே போனார். என் கையில் கத்தி நின்றது. நான் அக்கா இல்லை என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொன்னால் வெட்கப்பட்டு எழுந்துபோய்ப் பேப்பரை எடுத்துக்கொள்வார். வயிறு பற்றி எரிந்தது.

"அடுத்த பாட்டு இதவிட மோசம்," என்றேன்.